அட்டமியில் தொடங்கும் பாடம்

மதிப்பிற்குரிய ஐயா,
தங்கள் குறிப்பாணை சனிக்கிழமை கிடைத்தது.
சென்ற ஆண்டு பத்தாம் வகுப்பின் பாடவேளை அட்டவணையை
யாரைக் கேட்டு மாற்றினேன் என்று
ஏழு நாட்களுக்குள் விளக்கம் கேட்டிருக்கிறீர்கள்.

நிலாவைக் கேட்டுத்தான் மாற்றினேன்.

ஏர்வாடிக்குக் கிழக்கே இந்தக் கரைக்கு
மாற்றலாகி வந்த ஆவணியில்
எனக்கும் எதுவும் தெரியாது.
முப்பத்தொரு பெயர்களை வாசித்தால்
பதினான்கு ‘உள்ளேன்’ வரும்.
மீதிப் பெயர்கள் சன்னல் வழியே
உடைமரக் காட்டுக்குள் போய்விடும்.
ஐந்தாறு நாள் கழித்துத் திரும்புவார்கள்,
உதடு வெடித்து, கண் சிவந்து.
உட்கார்ந்தபடியே தூங்குவார்கள்.

நான் கோபக்காரி.
பூமயில் என்பவளை எழுப்பி
வட்டம் வரையச் சொன்னேன்.
காம்பஸைத் தொடவில்லை அவள்.
திமிர் என்று நினைத்து
கையை நீட்டு என்றேன்.
நீட்டினாள்.

ஐயா, பாறையில் பாசி எடுப்பவர்கள்
விரலில் துணி சுற்றிக்கொண்டுதான் இறங்குவார்கள்.
துணி இரண்டு மணி நேரம் தாங்கும்.
வேலை ஐந்து மணி நேரம்.
அன்று கையிலிருந்த குச்சியை
எங்கே வைத்தேன் என்று இன்னும் ஞாபகம் வரவில்லை.

சாயங்காலம் கரைக்குப் போனேன்.
“அம்மாசிக்கு ஆறு நாளு, பௌர்ணமிக்கு ஆறு நாளு
தண்ணி வத்தும் டீச்சர்.
வத்துனா பாசி. பாசின்னா சோறு.”
பூமயிலின் அம்மா மூட்டையைத் தராசில் ஏற்றினாள்.
நாற்பது கிலோ.
ஈரத்துக்கு என்று ஆறு கழித்தார் ஏவாரி.
“நூத்துக்குப் பன்னெண்டுன்னு பேசிட்டுப்
பதினஞ்சு கழிக்கிறீங்க” என்றாள் பூமயில்,
தலைமுடியைப் பிழிந்துகொண்டே.
தாள் இல்லை, பேனா இல்லை.
காலாண்டுக் கணக்கில் அவள் மதிப்பெண் ஒன்பது.
போட்டவள் நான்.

அட்டமி நவமியில் ஊரில் யாரும்
நல்ல காரியம் தொடங்குவதில்லை.
கடலும் அந்த நாட்களில் சரியாக வற்றுவதில்லை.
வகுப்பு நிறைந்துவிடும்.
ஆகவே முக்கோணவியலை ஓர் அட்டமியில் தொடங்கினேன்.
நிகழ்தகவு, தேய்பிறை நவமியில்.
தமிழாசிரியர் தன் வேளையை விட்டுக்கொடுத்தார்,
முணுமுணுத்துக்கொண்டே.
வற்றும் நாட்களில்
இரவு ஏழரைக்கு, ஐஸ் கம்பெனி விளக்கடியில் திருப்புதல்.
அதற்கும் அனுமதி வாங்கவில்லை.

நான் பெரிதாக எதையும் கற்றுத்தரவில்லை.
அவர்கள் மனதுக்குள் போட்டுக்கொண்டிருந்த கணக்குக்குப்
புத்தகத்தில் என்ன பெயர் என்று சொன்னேன்.
பெயர் தெரிந்த பிறகு
அந்தோணி விக்டஸ் கேள்வி கேட்க ஆரம்பித்தான்.
அதுவரை அவனுக்குக் குரல் உடைந்துவிட்டது என்பதே
எனக்குத் தெரியாது.

பொதுத்தேர்வில் கணக்கு
பௌர்ணமிக்கு மறுநாள் விழுந்தது.
துறைக்கு நிலா கிடையாது.
நான்கு நாட்கள் தாய்மார்கள் மட்டும் கடலில் இறங்கினார்கள்.
அந்த நான்கு நாள் கூலியைப் பற்றி
ஒருத்தியும் என்னிடம் பேசவில்லை.
கேட்க எனக்கும் துணிவில்லை.
முப்பது பேர் மீன் வண்டியில் தேர்வு மையத்துக்குப் போனார்கள்,
விரல்களில் மஞ்சள் பற்று.
நூர் சபீனா வரவில்லை.
அவள் வாப்பாவின் படகைப் பிடித்துப் போய்
அன்றோடு மூன்று வாரம்.
துணைத்தேர்வுக்கு அவள் பணத்தை நான் கட்டியிருக்கிறேன்.
அதற்கும் விளக்கம் வேண்டுமானால்
தனித்தாளில் தருகிறேன்.

இருபத்திரண்டு பேர் தேறினார்கள்.
மாவட்டச் சராசரிக்குக் கீழேதான், தெரியும்.
பூமயில் முப்பத்தாறு.
“ஒம்போதுக்கு நாலு மடங்கு டீச்சர்.”
நான் போடுவதற்குள் அவளே போட்டுவிட்டாள்.

இந்த ஆண்டு அட்டவணையை இணைத்துள்ளேன்.
தினசரிக் காலண்டரோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்.
நேரில் விசாரிக்க வருவதானால்
அட்டமியில் வாருங்கள்.
நாற்காலி ஒன்றுதான் இருக்கிறது.
அதில் நீங்கள் உட்காரலாம்,
நான் எப்படியும் நின்றுகொண்டுதான் இருப்பேன்.

இப்படிக்கு,
இரா. வேம்பு,
பட்டதாரி ஆசிரியை, கணக்கு.